முஹ்ஸினாவுக்கு வாய்த்த பெல்ஜியம்

வரலாற்று ரீச்சர் ஒரு பழைய பிஸ்கட் தகர ரின்னை ஏந்திக்கொண்டு மேசை மேசையாக வந்தார். உள்ளே மடித்த கடதாசித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் பெயர். எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் இன்னொரு நாட்டிலிருந்து பிரிந்து போனவை, அல்லது பிரியப் பார்த்து முடியாமற் போனவை. 1995 ஒக்ரோபர் தொடக்கம் அது. மாதக் கடைசியில் கியூபெக் மக்கள் கனடாவோடு இருப்பதா, விலகுவதா என்று வாக்குப் போடப் போகிறார்கள். ரொறன்ரோவில் பஸ்ஸிலும் கடையிலும் அதே பேச்சு. பெரியவர்கள் படிக்கிற அந்த ஸ்காபரோப் பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்குமா?

இருவர் இருவராகச் சேர்ந்து படித்து, வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும். மொத்தப் புள்ளியில் கால்வாசி இதற்குத்தான். எல்லார் முன்னாலும் பேசுவது முஹ்ஸினாவின் முதற் பயம். யாரோடு சேர்த்துவிடுவார் என்பது அடுத்த பயம். பின்வரிசை எரித்திரியப் பெண்ணாக இருந்தால் நல்லது. அவளும் அதிகம் பேசமாட்டாள். ரீச்சரோ பட்டியலைப் பார்த்து, முஹ்ஸினாவும் சண்முகலிங்கமும் என்றார். இரண்டு பேரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், சுலபமாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சண்முகலிங்கம் எடுத்த துண்டில் பெல்ஜியம் என்று இருந்தது.

"சொக்லேற் செய்யிற நாடெல்லோ," என்றார் அவர், அவள் பக்கம் திரும்பி. "உது ஆரிட்டயிருந்து பிரிஞ்சது, தங்கச்சி?"

"தெரியாது, அண்ணை."

ஒரு மாதமாக ஒரே வகுப்பில் இருந்தும் இருவரும் பேசிக்கொண்டது அன்றுதான். அவர் கொக்குவில் ஆள், இங்கே உணவகமொன்றின் சமையலறையில் பின்னேர வேலை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளும் யாழ்ப்பாணம்தான், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு. அதை யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் சிலோன் என்று சொல்லி நிறுத்திவிடுவாள். முக்காட்டைக் கண்டால் தமிழ்ச் சனம் அவளைக் கிழக்கிலங்கை என்றோ கொழும்பு என்றோ நினைத்துக்கொள்ளும். வாயைத் திறந்தால்தான் அச்சொட்டான யாழ்ப்பாணத்துப் பேச்சு வந்துவிடும். ஆகவே தமிழர் நிற்கிற இடத்தில் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ஊரில் பதினொரு வருஷம் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். 1990 ஒக்ரோபர் முப்பதாந் தேதி காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் அவர்கள் தெருவால் வந்தது. வீட்டுக்கு ஓராள் மைதானத்துக்கு வர வேண்டும் என்றது. கணவர் அன்ஸார் போய், அரை மணித்தியாலத்தில் வெளிறிய முகத்தோடு திரும்பினார். முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும், அங்கே ஆட்சி நடத்திய ஆயுதத் தமிழ் இயக்கத்தின் கட்டளை. ஏன் என்று கேட்டவர்களுக்குத் துவக்கைக் காட்டினார்கள். சந்தியில் மறித்துப் பைகளைக் கொட்டிச் சோதித்தார்கள். கைக்குழந்தையாக இருந்த மகளின் பால்போத்தலை விட்டுவிட்டு, முஹ்ஸினாவின் காதுத் தோடுகளைக் கழற்றச் சொன்னார்கள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறுகளும் இருந்த கோவை அவர்கள் பக்கத்துக் குவியலில் போய் விழுந்தது. அதை மட்டும் தாருங்கோ என்று கேட்டாள். கேட்டது யாருக்கும் காதில் விழவில்லை.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில், பிறகு கொழும்பு, பிறகு கனடா. இப்போது மில்லிக்கனில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். அன்ஸார் பக்கத்து மார்க்கம் நகரத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வந்தார். குழந்தைகள் பராமரிப்புப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, ஊரில் படித்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது காட்டச் சொன்னது கல்லூரி. அது இல்லையென்றால் இங்கேயே உயர்தரப் பாடங்களை முடிக்க வேண்டும். எல்லாம் முடித்து, கடைசியாக மிஞ்சியது இந்த வரலாறு. டிசம்பருக்குள் சித்தி பெற்றால் ஜனவரியில் இடம். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

இரண்டு நாட்கள் கழித்து வகுப்பு முடிந்ததும் இருவரும் நூலகத்துக்குப் போனார்கள். சண்முகலிங்கம் மூன்று தடித்த புத்தகங்களையும் ஒரு அகராதியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய அசைய வாசித்தார். திடீரென்று மேசையில் தட்டினார்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி, எங்கட ஒல்லாந்தர்! யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டினவங்கள். அவங்களிட்டயிருந்துதான் பிரிஞ்சிருக்கிறாங்கள்."

பிறகு இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. நெப்போலியன் தோற்ற பிறகு, 1815-ல், பெரிய வல்லரசுகள் கூடியிருந்து வரைபடத்தில் கோடு கிழித்தன. வடக்கே ஒல்லாந்து, தெற்கே பெல்ஜியம். இரண்டையும் ஒட்டி ஒரே இராச்சியமாக்கி ஒல்லாந்து அரசனிடம் கொடுத்தன. தெற்கில் சனம் கூட. சபையில் மட்டும் இரண்டுக்கும் சமமான இடங்கள். பதவிகளோ பெரும்பாலும் வடக்கத்தியாருக்கு. பதினைந்து வருஷம் புகைந்து, 1830 ஓகஸ்ட்டில் ஒருநாள் பிரஸ்ஸல்ஸ் நாடக அரங்கிலிருந்து வெளியே வந்த கூட்டம் தெருவில் இறங்கியது. செப்ரெம்பரில் அரசனின் படை நகரத்துக்குள் வந்தது. நான்கு நாட்கள் பூங்காவைச் சுற்றிச் சண்டை. படை பின்வாங்கிப் போனது. ஒக்ரோபர் நான்காந் தேதி சுதந்திரப் பிரகடனம்.

"நாலே நாள்," என்றார் சண்முகலிங்கம். அவர் கண்கள் பளபளத்தன. "உதோட எங்கட பேச்சை முடிப்பம். நல்லா இருக்கும்."

முஹ்ஸினாவின் கண் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் நின்றது. தெற்கில் இருந்தவர்கள் ஒரே ஆட்கள் இல்லை. ஒரு பாதி பிரெஞ்சு பேசும் வலோன்கள். மறு பாதியான ஃபிளெமிஷ்காரர் பேசியது ஒல்லாந்தரின் மொழியேதான்.

"அண்ணை, ஃபிளெமிஷ் ஆக்களின்ர பாஷையும் ஒல்லாந்தரின்ர பாஷையும் ஒண்டுதானாம். அரசன் அந்தப் பாஷையை ஆட்சிமொழியாயும் ஆக்கியிருக்கிறான். அப்பிடியிருந்தும் அவை அவனை நம்பேல்லை."

"ஒரே பாஷை எண்டால் ஒரே சனம்தானே. பிறகேன் பிரிஞ்சவை?"

"சமயம் வேற," என்றாள். குரல் தானாகத் தாழ்ந்தது. "ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்துக்காரர். இவை கத்தோலிக்கர்."

அவர் பேனை நின்றுவிட்டது. அவளுக்கு ஏதோ தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டது போல் இருந்தது. மொழியை வைத்து ஒன்று என்பார்கள், சமயத்தை வைத்து வேறு என்பார்கள், எப்போது எதைச் சொல்வார்கள் என்று மட்டும் தெரியாது. அவள் அதை ஒரு காலைப் பொழுதில் கண்டுகொண்டவள்.

"சமயத்தை மட்டும் சொல்லேலாது," என்றார் அவர் கடைசியில். "வரி இருக்கு, பதவி இருக்கு. அதுகளையும் எழுதுவம்."

"ஓம், எழுதுவம்."

"நீங்கள் எந்த ஊர், தங்கச்சி?"

"சிலோன்தான், அண்ணை." புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

இரண்டாவது சந்திப்பில்தான் இழுபறி வந்தது. சுதந்திரத்தோடு முடிக்க வேண்டும் என்று அவர் நின்றார். முஹ்ஸினாவோ மிச்சக் கதையையும் வாசித்திருந்தாள். புதிய நாட்டின் முதற் பேரவைக்கு வாக்குப் போட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். படித்தவர்களும் வசதியானவர்களும் பிரெஞ்சு பேசினார்கள். ஆகவே நீதிமன்றம், படை, அலுவலகம் எல்லாம் பிரெஞ்சு. 1860-ல் இரண்டு ஃபிளெமிஷ் கூலிக்காரரை, அவர்களுக்குச் சரியாக விளங்காத மொழியில் விசாரித்துத் தலையை வெட்டினார்கள். சேர்ந்து நின்று விடுதலை வாங்கியவர்களில் ஒரு பாதிக்கு, தன் சொந்த நாட்டில் தன் மொழிக்குச் சம இடம் சட்டத்தில் கிடைக்கவே அறுபத்தெட்டு வருஷம் சென்றது.

"அதெல்லாம் உள்வீட்டுப் பிரச்சினை. அதை ஏன் வெளியில சொல்லுவான்?" என்றார் சண்முகலிங்கம்.

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் எதிர்த்துப் பேசப் பயம். கோபித்துக்கொண்டு அவர் வராமல் விட்டால் தன் புள்ளி என்னாவது? மெதுவாக ஒரு வழி சொன்னாள்: 1831 வரைக்கும் அவர் பேசட்டும், அதற்குப் பிறகு அவள். அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சம்மதித்தார்.

வீட்டில் சொன்னபோது அன்ஸார் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிரவில்லை. "பாஸ் பண்ணினாக் காணும், முஹ்ஸினா. ஒருத்தரோடயும் கொழுவாதே. நாங்கள் ஆறுதலா இருக்கிறம், இப்பிடியே இருந்திட்டுப் போவம்."

மாத நடுவில் ஊரில் போர் திரும்பவும் மூண்டது. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இராணுவம் முன்னேறத் தொடங்கியிருந்தது. சண்முகலிங்கத்தின் தாயும் விதவையான அக்காவும் கொக்குவிலில்தான். தொலைபேசி கிடையாது, கடிதமும் போய்ச் சேராது. வகுப்பில் அவர் காதில் சின்ன வானொலியை வைத்துக்கொண்டிருந்தார். ரீச்சர் கண்டும் காணாதமாதிரி விட்டார். சண்முகலிங்கம் முகம் மழிக்காமல் வந்தார். ஒரு சனிக்கிழமை மனைவியோடு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தாயின் பேரில் அர்ச்சனை செய்ததாகச் சொன்னார்.

அந்த வாரங்களில் முஹ்ஸினாவின் மனம் ஒரு நிலையில் இல்லை. வானொலியில் கோண்டாவில், உரும்பிராய் என்று பெயர்கள் வரும்போது, அவளுக்கும் அந்தத் தெருக்கள் தெரிந்தன. அங்கே குண்டு விழுகிறது என்றால் அவள் துக்கப்பட வேண்டுமா? துக்கப்படாமல் இருக்க முடியவில்லை. துக்கப்படுவதும் பிடிக்கவில்லை. இதற்கிடையில் ரீச்சரும் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை மொன்றியலில். வாக்கெடுப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு, பிரியவேண்டாம் என்று கேட்கிற ஊர்வலத்துக்குப் பஸ் ஏறிப் போனார். நாடு உடைந்தால் தங்கள் குடியுரிமை என்னாகும், திரும்பவும் பெட்டி கட்ட வேண்டி வருமா என்று முஹ்ஸினா அன்ஸாரைக் கேட்டாள்.

பேச்சு செவ்வாய்க்கிழமை, வாக்கெடுப்புக்கு மறுநாள். விடிந்தபோது கனடா உடையவில்லை என்று தெரிந்தது. நூற்றுக்கு ஐம்பதரைப் பேர் இருப்போம் என்றார்கள், மிச்சப்பேர் போவோம் என்றார்கள். தோற்ற பக்கத்துத் தலைவர் மேடையேறி, பணமும் வேற்றினத்தார் வாக்குகளும்தான் தங்களைத் தோற்கடித்தன என்று சொன்னதாகக் காலைச் செய்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு முஹ்ஸினா அதையே யோசித்தாள். வேற்றினத்தார் என்றால் தன்னைப்போல் ஆட்கள்தானே.

அன்று ஹலோவீன். ரீச்சரின் மேசையில் இனிப்புக் கிண்ணம். எரித்திரியப் பெண் யாரோ கொடுத்த பூனைக் காதுகளை மாட்டிக்கொண்டு வெட்கத்தோடு இருந்தாள். சண்முகலிங்கத்தின் கதிரை வெறுமையாக இருந்தது. முஹ்ஸினா வெளியே ஓடி வந்தாள். நடைக்கூடத்துக் கடைசியில், ஜன்னலோரம், மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் நின்றார்.

"அண்ணை, எங்கட முறை வரப்போகுது."

"யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் இல்லையாம், தங்கச்சி." அவர் குரல் உடைந்திருந்தது. "நேற்றுப் பின்னேரம் இயக்கம் ஸ்பீக்கரில சொன்னதாம், எல்லாரும் உடனே வெளிக்கிடுங்கோ எண்டு. அஞ்சு லட்சம் சனம். மழையில, ஒரே ரோட்டால நடக்குதாம். என்ர அம்மாவுக்கு நடக்கேலாது. எழுபத்திமூண்டு வயசு."

முஹ்ஸினா மனதுக்குள் தேதியை எண்ணினாள். நேற்று என்றால் ஒக்ரோபர் முப்பது. அதே தேதி. அவளுக்குள் ஏதோ ஒன்று, பார்த்தாயா என்று சொல்ல எழும்பியது. அந்த எண்ணம் வந்ததற்காக அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அக்கா கூட நிப்பா, அண்ணை. அக்கா விடமாட்டா," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். "நீங்கள் சோனகத் தெருதானே?"

அவள் முக்காட்டின் நுனியை இழுத்துவிட்டாள்.

"உங்கட பேச்சில முதல்நாளே விளங்கிட்டுது. உங்களுக்கு எவ்வளவு நேரம் தந்தவை?"

ஐந்து வருஷத்தில் ஒரு தமிழர்கூட அவளிடம் கேட்காத கேள்வி அது. "ரெண்டு மணித்தியாலம்," என்றாள்.

"நான் அண்டைக்கு யாழ்ப்பாண ரவுணில நிண்டனான். நீங்கள் எல்லாரும் போறதைப் பாத்தனான். பாத்துக்கொண்டு நிண்டனான், அவ்வளவுதான்." அவர் கையால் முகத்தைத் துடைத்தார். "பிறகு உங்கட வீட்டுச் சாமான்களை இயக்கம் கடை போட்டு வித்தது. நான் மனிசிக்கு ஒரு தையல் மெஷின் எடுத்தனான்."

"ஆரின்ர மெஷின் எண்டு கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை."

ரீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முஹ்ஸினாவுக்குச் சண்முகலிங்கத்தை அடிக்க வேண்டும் போலவும், கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. "உங்கட கடதாசியைத் தாங்கோ. உங்கட பகுதியையும் நானே வாசிக்கிறன். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ, அது காணும்."

அப்படித்தான் நடந்தது. அவர் எழுதிய வெற்றிக் கதையை, பிரஸ்ஸல்ஸ் பூங்காவின் நான்கு நாட்களை, அவர் விரும்பியபடியே ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்தாள். பிறகு தன் பகுதிக்கு வந்தாள். ஃபிளெமிஷ்காரர் எப்படி நூறு வருஷம் மனுப் போட்டும், ஊர்வலம் போயும், தேர்தலில் நின்றும் தங்கள் மொழிக்கு இடம் வாங்கினார்கள் என்று சொன்னாள். 1962-ல் நாட்டுக்குள்ளேயே மொழிக்கு எல்லைக்கோடு போட்டதையும், இரண்டு வருஷத்துக்கு முன் நாடு கூட்டாட்சி ஆனதையும் சொன்னாள். லூவன் என்ற ஃபிளெமிஷ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பிரிவை வெளியே போ என்றார்கள். நூலகத்தை ஒற்றை எண் புத்தகம் ஒரு பக்கம், இரட்டை எண் மறு பக்கம் என்று பிரித்தார்கள். வகுப்பு சிரித்தது.

"அது பிழைதான்," என்றாள் முஹ்ஸினா. கடதாசியில் அவள் எழுதாத வசனங்கள் வந்தன. "ஆனால் போகச் சொன்னவர்களுக்கு ஒரு புதிய ஊரையே கட்டிக் கொடுத்தார்கள். போய் முடிக்கப் பத்து வருஷம் கொடுத்தார்கள். அவர்களுடைய புத்தகங்களைக் கொண்டுபோக விட்டார்கள்."

கடதாசியை மடித்தாள். எரித்திரியப் பெண் பூனைக் காதுகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: அப்படியானால் இப்போது அவர்கள் ஒரு மக்களா, இரண்டு மக்களா?

முஹ்ஸினா ஆங்கிலத்தில் சொல் தேடினாள். "ஒரு வீட்டில் இருக்கிறார்கள். தினமும் வாக்குவாதப்படுகிறார்கள். ஒருவரும் மற்றவரைச் சுடவில்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது."

சண்முகலிங்கம் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடுத்த ஏழு நிமிஷத்துக்கு மேல் பேசியதற்கு ரீச்சர் புள்ளி குறைத்தார். மிச்சத்துக்குத் தாராளமாகப் போட்டார். முஹ்ஸினாவுக்கு டிசம்பரில் பாடம் சித்தியாகி, ஜனவரியில் கல்லூரி தொடங்கியது. பிறகு மார்க்கம் நகரத்தில் ஒரு குழந்தைகள் நிலையத்தில் வேலை. சண்முகலிங்கம் நவம்பரிலேயே வகுப்பை விட்டுவிட்டார். பகலும் வேலைக்குப் போவதாகக் கேள்வி. தாயும் அக்காவும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று மூன்று கிழமைக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அறிந்ததும் அவர் முஹ்ஸினாவுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தார். தையல் மெஷின் பற்றி அவள் அன்ஸாரிடம் சொன்னாள். அவர், "சொன்னானே, அதுவும் பெரிசு," என்றார். பிறகு எழுந்து போய் முகம் கழுவினார்.

1998 கோடையில் மில்லிக்கனில் ஒரு பிளாஸாவில் முஹ்ஸினா அந்தத் தாயையும் மகனையும் கண்டாள். சண்முகலிங்கம் தாயைக் கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தார். மெலிந்த மனிசி, வெயிலிலும் கம்பளிச் சட்டை.

"அம்மா, இவ என்னோட படிச்ச தங்கச்சி. சோனகத் தெரு."

தாய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கட ஆக்கள் திரும்பிப் போயிட்டினமோ, பிள்ளை?"

"இல்லை, அன்ரி. வாப்பா இன்னும் புத்தளத்தில கொட்டிலுக்குள்ளதான். நீங்கள்?"

"நாங்கள் ஆறு மாதத்தில ஊருக்குத் திரும்பிப் போயிட்டம். அடுத்த சித்திரையே." சொல்லும்போது அவருக்கு ஏதோ குற்றம் செய்ததுபோல முகம் மாறியது. "உங்கட தெருவில கூரையொண்டும் இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். பத்தையும் புல்லும் வளந்து கிடக்கு."

"பள்ளிவாசல் நிக்குதோ, அன்ரி?"

தாய் மகனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சுவர் நிக்குது," என்றார் தாய்.

முஹ்ஸினா தலையாட்டினாள். வாகனத்தில் அன்ஸார் காத்திருந்தார். தாயின் கை அவளுடையதை விடுவதாயில்லை, அவளும் இழுக்கவில்லை.